முட்டைக்குப் பதில் கீடாம்ருதம்

ஆந்திர எல்லையில், விஜயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் பூச்சி தின்னும் ஊர் என்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தது, திருப்பதியில் புதிதாக முளைத்திருந்த பூச்சிப் புரத மேம்பாட்டு மிஷன். அதுவரை நாங்கள் எங்களை நெல்லும் வேர்க்கடலையும் விளைவிக்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு மூலகாரணம் கிஷோர். மிஷனிலிருந்து கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் சர்வே எடுக்க வந்தாள். ஊர் சச்சிவாலய ஆபீஸ் வாசலில் யார் நின்றாலும் அவர்களோடு பேச்சுக் கொடுக்காமல் போக மாட்டான் கிஷோர். கிராமத்து ஆபீஸ் பக்கம் வருகிறவர்களெல்லாம் ஏதோ நல்லது செய்யத்தான் வருகிறார்கள் என்று நம்புகிற சாது. பூச்சிகளை உணவாக உட்கொள்வதுண்டா என்று அவள் கேட்டதும் அவனுக்குக் குஷி வந்துவிட்டது.

"ஏன் இல்ல? மொத மழ பேஞ்சா புத்துல இருந்து ஈசல் கெளம்பும் பாரு. அத புடிச்சி, ரெக்கைய பொடச்சிட்டு, அரிசியும் கடலையும் போட்டு வறுத்துத் துன்னுவோம். அத துன்னாதவன் இன்னா மனுசன்?"

எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்று அவள் கேட்டாள். வருஷத்துக்கு இரண்டு நாள், மழை கருணை வைத்தால் மூன்று நாள் என்றான். டேப்லெட்டில் தினமும், வாரந்தோறும், எப்போதும் இல்லை என்று மூன்று பதில்கள்தான் இருந்தன. அவள் நல்ல பெண். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுத் தினமும் என்பதைத் தொட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அங்கன்வாடியில் முட்டை நின்றது.

முட்டை நின்றால் ஊரில் மற்றவர்களுக்கு முணுமுணுப்பு. கிஷோருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவன் மனைவி தேவயானி அப்போது ஐந்து மாதம். போன வருஷம் இதே ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை நிற்காமல் போனது. இந்த முறையும் ரத்தச் சோதனை ஹீமோகுளோபின் எட்டு என்று காட்டியது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேசியா, மாத்திரையோடு தினமும் முட்டையும் பாலும் கீரையும் உள்ளே போயே ஆக வேண்டும் என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த வருஷம் கடலையைப் புழு மேய்ந்துவிட்டது. வீட்டில் இருந்ததெல்லாம் அரிசியும் பொறுமையும். அங்கன்வாடி முட்டையை நம்பித்தான் அந்தப் பிள்ளை வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது.

முட்டைக்குப் பதிலாக ஒரு டப்பா வந்தது. டப்பாவின் மேல் கிரீடம் வைத்த சுவர்க்கோழி ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. இரவில் சுவர் மூலையில் கிர்ரென்று கத்தி உயிரை எடுக்குமே, அதே பூச்சி. அதை வளர்த்து, காயவைத்து, அரைத்துப் பொடியாக்கி, கீடாம்ருதம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கீடம் என்றால் பூச்சி. அம்ருதம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

நான் பூச்சிக்கு எதிரி இல்லை. ஈசல் வறுக்கிற வாசனைக்கு நானும் சாப்பாட்டை விட்டு எழுந்து போனவன்தான். சுவர்க்கோழியில் புரதம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது என்று எங்கோ யாரோ நாலு பேர் உண்மையாகவே உழைத்து எழுதியும் இருக்கிறார்கள். உடம்புக்கு நன்மை இருக்கக்கூடும், இன்னும் ஆராய வேண்டும் என்று அவர்கள் ஜாக்கிரதையாகத்தான் முடித்திருக்கிறார்கள். அது திருப்பதிக்கு வந்தபோது நன்மை இருக்கும் என்று ஆனது. சித்தூருக்கு வந்தபோது நன்மை இருக்கிறது என்று ஆனது. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது நன்மை இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை என்று ஆகியிருந்தது.

அங்கன்வாடி காஞ்சனா பொடியைக் கஞ்சியில் கலக்கிக் கொடுத்தாள். அவளுக்கும் மேலிடத்து உத்தரவு. தேவயானி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பிள்ளைக்காக என்றால் அவள் வேப்பெண்ணெயையும் குடிப்பாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்தது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கிஷோர் அவளை பைக்கில் உட்காரவைத்து, பின்னால் காஞ்சனாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

ஊசி போட்டு மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, இறால் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளுமா என்பது. "எறா வாசனையே ஆவாது மேடம். சின்ன வயசுலயே துன்னு தடிச்சிப்போய், அதோட வுட்டுட்டேன்" என்றாள் தேவயானி. எறா ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பல சமயம் இந்தப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாது, இனி இதைத் தொடவே கூடாது என்றார் டாக்டரம்மா. ஊருக்கே டப்பா டப்பாவாக அனுப்பியவர்கள் இந்த ஒரு கேள்வியை ஒருவரிடமும் கேட்கவில்லை.

கிஷோர் முட்டையைத் திரும்பக் கேட்கக் கிளம்பினான். முதலில் சித்தூர். அங்கே அவனுக்கு நல்ல மரியாதை. முட்டை நிறுத்தப்படவில்லை, உயர்த்தப்பட்டிருக்கிறது என்று விளக்கினார்கள். உயர்ந்ததைத் திரும்ப இறக்குகிற அதிகாரம் சித்தூருக்கு இல்லையாம். திருப்பதிக்குப் போகச் சொன்னார்கள்.

திருப்பதியில் மிஷன் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் சுவர்க்கோழிகளுக்கு. கண்ணாடிப் பெட்டிகள், ஏசி, வெட்டிப் போட்ட கேரட். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மின்விசிறி நின்று ஒரு கோடை ஆகிறது. இங்கே ஒரு பூச்சிக்கு வியர்த்தால் இஞ்சினியர் ஓடி வருகிறார். மாடியில் இயக்குநர் டாக்டர் சஞ்சய். தெலுங்குக்காரர், சென்னையில் படித்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். பேசாமல் இருந்திருந்தால் மிஷனுக்கு நல்லது.

கிஷோர் போன நேரம் மதியச் சாப்பாட்டு நேரம். இயக்குநரும் மற்ற இரண்டு அதிகாரிகளும் டிபன் கேரியரைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு. கிஷோர் முட்டையைப் பார்த்தான். அவன் முட்டையைப் பார்ப்பதை இயக்குநரும் பார்த்தார். அதற்காக அவர் கை நிற்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. நாங்க ஆராய்ச்சிப் பிரிவு, நீங்க உண்ணும் பிரிவு. ரெண்டும் கலந்துட்டா முடிவு சுத்தமா வராது. நான் ஒரு நாள் கூட அந்தப் பொடியை வாயில வச்சதில்ல தெரியுமா? அவ்வளவு நடுநிலையா இருக்கேன்."

கிஷோர் மனைவியின் உதடு வீங்கியதைச் சொன்னான். மூச்சு இழுத்ததைச் சொன்னான். எறா விஷயத்தையும் டாக்டரம்மா பேரையும், கடலையைப் பூச்சி தின்றதையும் சொன்னான். இயக்குநர் அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், எதிர்வினை இருக்கிறது என்றால் பொடியில் வீரியம் இருக்கிறது என்றுதானே பொருள் என்றார். அவர் ஆமாம் சார் என்று குறித்துக்கொண்டார்.

"மேலும், உங்க கடலையைப் பூச்சி தின்னுதுன்னு சொல்றீங்க. பூச்சியை நீங்க தின்னுங்க. இதை விட நியாயம் உண்டா? தமிழ்லயே பாருங்க, இதுக்கு சுவர்க்கோழின்னு பேரு. கோழின்னு உங்க முன்னோரே சொல்லிட்டாங்க. அப்புறம் தனியா முட்டை எதுக்கு?"

கிஷோர் ஈசல் வேறு, இது வேறு என்று சொல்லிப் பார்த்தான். ஈசல் மழைக்கு வருவது, ஆசைக்குத் தின்பது. இது கஷ்டத்துக்குத் தின்னச் சொல்வது. இயக்குநர் கையைக் கழுவிக்கொண்டே, பாரம்பரியத்தைச் சம்பந்தப்பட்ட மக்கள் விளக்கக்கூடாது, அதற்கு மிஷனில் ஒரு நிபுணர் இருக்கிறார் என்றார். ஒத்துக்கொள்ளாமை பழக்கக் குறைவால் வருவது, அளவைக் கூட்டுங்கள் என்று நான்கு டப்பாக்களை அதிகமாகக் கொடுத்து அனுப்பினார்கள். அவன் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். புத்தூர் தாண்டுகிற வரை அழுதுகொண்டுதான் வந்தான் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

அந்த டப்பாக்களை என்ன செய்வது? காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால்தான் அங்கன்வாடியில் தேவயானிக்கு வருகிற பாலும் தொடரும் என்று மிஷன் சொல்லிவிட்டது. கொட்டினால் மிஷன் ஆள் பார்த்துவிடுவான். தேவயானிதான் யோசித்தாள். அவள் பெரியம்மா லட்சுமம்மாவிடமிருந்து இரண்டு நாட்டுக் கோழிகளைக் கேட்டு வாங்கிவந்தாள். அவை முட்டையிடுவதை ஏறக்குறைய மறந்துபோன கோழிகள். அவற்றுக்குத் தவிட்டோடு கீடாம்ருதத்தைப் பிசைந்து வைத்தாள். கோழிக்குப் பூச்சி என்றால் அதற்கு நிபுணர் தேவையில்லை. கோழிகள் டப்பாவைப் பார்த்ததும் ஓடிவர ஆரம்பித்தன. உடம்பு மினுமினுத்தது, கொண்டை சிவந்தது, அடுத்த மாதம் ஒன்று மாற்றி ஒன்று முட்டை வைத்தன. அந்த முட்டையைத் தேவயானி அவித்துத் தின்றாள். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையையும் தவறாமல் போட்டாள்.

விஷயம் வேலிக்கு வேலி பரவியது. ஊரில் பிள்ளைத்தாய்ச்சி இருந்த வீடெல்லாம் கோழி கட்டியது. காஞ்சனா காலி டப்பாவை எண்ணி வாங்கிக்கொண்டாள். டப்பா எந்த வாய் வழியாகக் காலியானது என்று அவளும் கேட்கவில்லை. ஏழாம் மாதத்தில் தேவயானியின் ரத்தம் பத்தரைக்கு வந்தது. டாக்டரம்மா இப்படியே போ என்று முதுகில் தட்டினார். அன்று கிஷோர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்ததை நான் பார்த்தேன். ஒரு மனிதன் அவ்வளவு நிம்மதியாகச் சிரிப்பதைப் பார்த்து எனக்கு நாளாகியிருந்தது.

நல்லது நடந்தால் மிஷன் மோப்பம் பிடித்துவிடும். எங்கள் ஊர் ரத்தம் திருப்பதிக்கு எட்டியது. பிள்ளைத்தாய்ச்சிகள் அத்தனை பேருக்கும் ஒரே ஏற்றம். கீடாம்ருதத்தின் அற்புதம் என்று மறுநாளே பத்திரிகையில் இயக்குநரின் படத்தோடு செய்தி. அடுத்த வாரம் மூன்று ஜீப்புகளில் மிஷன் நேரில் வந்தது.

தேவயானி வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். இயக்குநர் பேச ஆரம்பித்தார். இந்தச் சகோதரியின் முகத்தில் தெரியும் பொலிவு யாருடையது என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேஜைமேல் காட்சிக்கு வைத்திருந்த டப்பாவின் வாசனைக்கு இரண்டு கோழிகளும் ஓடிவந்து மேஜைமேலேயே ஏறிவிட்டன. ஒன்று டப்பாவுக்குள் தலையை விட்டது. ஓர் அதிகாரி விரட்டினார். கோழி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பத் தலையை விட்டது. அதற்கு அது வழக்கமான நேரம்.

இயக்குநர் கிஷோரைப் பார்த்தார். கிஷோருக்குப் பொய் சொல்ல வராது.

"பொடிய கோழி துன்னுது சார். கோழி போடுற முட்டைய இவ துன்றா. ஊரு மொத்தம் அப்பிடித்தான். இவ அத துன்னா செத்துப்பூடுவா சார், நான் வந்து சொன்னேனே."

ஜீப் டிரைவர் மட்டும் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். நாங்கள் போலீஸ் வரும் என்று நினைத்தோம். எங்களுக்கு மிஷனைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார், திறந்தார், திறந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"அப்ப பூச்சி கோழிக்குள்ள போய், முட்டையா மாறி வருது. வெள்ளையா, மேல ஓடு போட்டு, ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு அளவா வருது. இது உலகத்துல யாரும் யோசிக்காதது. நம்ம மிஷனோட இரண்டாம் தலைமுறைத் தயாரிப்பு."

அதிகாரிகள் கை தட்டினார்கள். கோழிகள் மிஷனின் பொடியைத் தின்று வளர்ந்தவை, ஆகவே மிஷனின் ஆராய்ச்சிக் கருவிகள் என்று அங்கேயே முடிவானது. இரண்டையும் காலைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். ஊரில் மற்றக் கோழிகளைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்; அன்று சாயங்காலமே ஊர் தன் கோழிகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டது. தேவயானி ஜீப்பின் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். "எட்டு மாசம் ஆவுது சார், பிரசவம் முடிஞ்சதும் குடுத்துடுறேன்" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். ஆராய்ச்சியில் உணர்ச்சிக்கு இடமில்லை என்று ஜன்னல் வழியாகப் பதில் வந்தது.

அவளுக்குத் திரும்ப முட்டை இல்லாமல் போனது. கிஷோர் விஜயபுரம் கடையில் கடன் சொல்லி ஒன்றிரண்டு வாங்கிவந்தான், கடைக்காரருக்கும் அலுத்துவிட்டது. எட்டாம் மாதப் பரிசோதனையில் ரத்தம் ஒன்பதரைக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் அழைப்பு வந்தது. திருப்பதியில் பெரிய மண்டபத்தில் இரண்டாம் தலைமுறைத் தயாரிப்பின் அறிமுக விழா. முதல் பயனாளி தேவயானி. கார் அனுப்புகிறார்கள். நான் போக வேண்டாம் என்றேன். கோழிகளையாவது பார்த்துக் கேட்டு வாங்கிவரலாம் என்றாள் அவள். கிஷோர் என்னையும் கூட வரச்சொன்னான்.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல் நடந்துகொண்டிருந்தது. கிஷோர் அங்கே போய், மிஷன் ஆபீஸில் வைத்திருக்கும் இரண்டு நாட்டுக் கோழிகளைப் பற்றி விசாரித்தான். சமையல்காரர் கரண்டியை நிறுத்தாமல் சொன்னார்.

"ஓ, அந்த ஆராய்ச்சிக் கோழிங்களா? அது வந்த அன்னிக்கே முடிஞ்சி போச்சு. நான்தான் மெளகு போட்டு வறுத்தேன். பெரிய சார் நல்லா கீதுன்னு சொன்னாரு."

கிஷோர் திரும்பி வந்து தேவயானியிடம் சொன்னான். மேடையிலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவளைத் தாங்கிக்கொண்டு கிஷோரும் ஏறினான்.

இயக்குநர் நீண்ட நேரம் பேசினார். முட்டையின் ஓடு ஒரு புரட்சிகரமான உறை என்றார். எந்தக் கருவியும் இல்லாமல் உடைக்கலாம், எல்லா மதத்தாரும் அவிக்கலாம் என்றார். மனித குலம் இவ்வளவு காலம் முட்டையைக் கோழியிடம் விட்டுவைத்திருந்தது பெரிய அலட்சியம் என்றார். முன்வரிசையில் எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு வெல்வெட் விரித்த தட்டில் ஓர் அவித்த முட்டை வந்தது. அதன்மேல் மிஷன் முத்திரை குத்தியிருந்தது. அதை எடுத்து தேவயானியின் கையில் வைத்து, புகைப்படக்காரர் பக்கம் திரும்பச் சொன்னார்கள். அவள் திரும்பினாள். நன்றி என்று மைக்கில் சொல்லச் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. கூச்சம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் இயக்குநர் கையை நீட்டினார். இது காட்சிக்கான மாதிரி முட்டை, அடுத்து சித்தூரிலும் காட்ட வேண்டும், பயனாளிகளுக்கான விநியோகம் நிதி வந்த பிறகு தொடங்கும் என்று மைக்கில் விளக்கினார். கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

தேவயானி அந்தக் கையைப் பார்த்தாள். முட்டையை மைக் மேஜையின் விளிம்பில் தட்டினாள். ஓட்டை உரித்தாள். முத்திரை குத்திய துண்டு இயக்குநரின் பாலிஷ் போட்ட ஷூவின் மேல் விழுந்தது.

"இது எம் முட்டை சார்" என்றாள். மைக்கில் அது கடைசி வரிசை வரை கேட்டது. "அங்கன்வாடில எனுக்கு தெனம் வந்துகினு இருந்தது. நீங்கதான் நிறுத்துனீங்க."

சொல்லிவிட்டுத் தின்ன ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. இயக்குநரின் கை நீட்டியபடியே இருந்தது. அதை மடக்கலாம் என்று யாராவது உத்தரவு கொடுப்பார்கள் என்று காத்திருந்தது போலிருந்தது. பாதி தின்றபோது மஞ்சள் கரு தொண்டையை அடைத்தது. அவள் கிஷோரைப் பார்த்தாள். கிஷோர் இயக்குநருக்கு வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான், மூடியைத் திருகினான், அவளிடம் கொடுத்தான்.